பெற்றோல் செட்டில் எழுதியிருப்பதை வாசிப்பது எப்படி

பெரியப்பாவின் டொல்பின் வான் டீசலில் ஓடுவது. ஒரு கல்யாணத்துக்குப் பருத்தித்துறைக்குப் போகும் வழியில் ஒரு பெற்றோல் செட்டில், அதாவது எண்ணெய் நிரப்பும் நிலையத்தில், நிறுத்தினார். இறங்காமலேயே கண்ணாடியைப் பதித்து "ஐயாயிரத்துக்கு அடியுங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு, பின் சீற்றில் இருந்த ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தம்பி வேலைக்குப் புதுசு, பெற்றோலை அடித்துவிட்டான். இரண்டு மைல் போவதற்குள் எஞ்சின் தட்டத் தொடங்கியது, பிறகு நின்றேவிட்டது. தாலி கட்டும் நேரத்துக்கு நாங்கள் கராஜ்காரருக்காக வீதியோரத்தில் நின்றோம். பிழை அவனுடையது என்று எல்லோரும் ஏசினார்கள். ஆனால் அந்தப் பம்பின் நெற்றியில் "பெற்றோல் 92" என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது, வானுக்குள் ஒன்பது பேர் இருந்தோம், ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எந்தச் செட்டுக்குப் போனாலும் அங்கே எழுதியிருப்பதையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் தாங்கி மூடியைத் திறப்பேன். இப்போது லைசன்ஸ் எடுத்த தம்பி தங்கைகள், ஸ்கூட்டி ஓடத் தொடங்கிய அம்மாமார், லீவுக்கு வந்து வாடகைக்கு வாகனம் எடுத்து ஓடுகிற வெளிநாட்டுச் சொந்தங்கள் எல்லோருக்கும் உதவும் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கனடாவில் இருந்து வருகிறவர்களுக்கு முதலில் ஒன்று: இங்கே "காஸ்" என்றால் சமையல் சிலிண்டர். வழி கேட்கும்போது "பெற்றோல் செட் எங்கே" என்றே கேளுங்கள்.

செட் வாசலில் உயரமாக நிற்கிற பலகையில் விலை இருக்கும். பெற்றோல் 92, பெற்றோல் 95, ஓட்டோ டீசல், சுப்பர் டீசல், மண்ணெண்ணெய் என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு லீற்றரின் விலை. ஒரு செட்டில் ஐந்தும் இருக்கவேண்டும் என்று இல்லை. விலை பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் மாறும், இரவில் அறிவிப்பு வரும், நள்ளிரவில் இருந்து நடைமுறைக்கு வரும். அதனால் மாதம் முடிகிற நாள்களில் பலகையை ஒருமுறை நின்று பாருங்கள், நேற்றைய விலையை மனதில் வைத்துக்கொண்டு காசை எண்ணிக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, எல்லாச் செட்டும் ஒரே கம்பனி இல்லை. 1961 இல் சட்டம் போட்டு உருவாக்கிய இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் சிபெட்கோ ஒரு பக்கம், செம்மஞ்சள் வட்டமும் நீலப் பட்டையுமாக லங்கா ஐஓசி இன்னொரு பக்கம், 2023 இல் இருந்து நாட்டில் சினோபெக்கும் இருக்கிறது. விலை அநேகமாக ஒன்றாகவே இருக்கும், ஆனால் சில ரூபாய் வித்தியாசப்பட்ட காலங்களும் உண்டு. பெயர்களும் கம்பனிக்குக் கம்பனி மாறும், அலங்காரமான பெயரைப் பார்த்துத் தடுமாற வேண்டாம், 92 அல்லது 95 என்ற இலக்கத்தைத் தேடுங்கள்.

அந்த இலக்கத்தைப் பற்றித்தான் எங்கள் ஊரில் நிறையப் பிழையான கதை உலாவுகிறது. 95 அடித்தால் பைக் பறக்கும், எஞ்சின் சுத்தமாகும், லீற்றருக்குக் கூட ஓடும் என்று சொல்வார்கள். ஒக்டேன் இலக்கம் பெற்றோலின் சக்தியைக் காட்டுவது இல்லை. எஞ்சினுக்குள் பெற்றோலும் காற்றும் அமுக்கப்படும்போது, பிளக் பொறி வருவதற்கு முன் தானாகப் பற்றிவிடாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் அது காட்டுகிறது. முந்திப் பற்றினால் "டக் டக்" என்று தட்டுகிற சத்தம் வரும், நாள்பட எஞ்சினுக்குக் கேடு. அதிகம் அமுக்குகிற எஞ்சினுக்குக் கூடிய ஒக்டேன் தேவை, மற்றவற்றுக்கு அதனால் பெரிய பலன் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடுகிற பைக்குகளும் ஸ்கூட்டிகளும் முச்சக்கர வண்டிகளும் பெரும்பாலும் இந்தியாவில் இருந்து வந்தவை, அங்கே நீண்ட காலமாகச் சாதாரணப் பெற்றோல் 91 ஒக்டேனாக இருந்தது, அவற்றில் பெரும்பாலானவை அதற்கென்றே செய்யப்பட்ட எஞ்சின்கள். ஜப்பானில் சாதாரணப் பெற்றோல் 89 இல் இருந்து தொடங்குகிறது, ஆகவே அங்கிருந்து வருகிற சின்னக் கார்களுக்கும் அநேகமாக 92 தாராளம். ஆனால் டர்போ பூட்டிய கார், ஐரோப்பியக் கார், பெரிய ரேஸ் பைக் என்றால் கட்டாயம் கையேட்டைப் பாருங்கள், தாங்கி மூடியின் உட்பக்கத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அதில் 95 என்று இருந்தால் 95 தான். அந்த ஸ்டிக்கருக்கு மேல் யாருடைய புத்திமதியும் வேண்டாம், பக்கத்து வீட்டு அண்ணா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

கனடா, அமெரிக்காவில் இருந்து வருகிறவர்கள் இங்கே 92 என்று கண்டதும் "இது எங்கட பிரீமியம்" என்று நினைப்பதைக் கண்டிருக்கிறேன். அது வேறு அளவுகோல். அங்கே இரண்டு விதமான பரிசோதனை முடிவுகளைக் கூட்டி இரண்டால் பிரித்துப் போடுகிறார்கள், இங்கே போடுவது ஒரு பரிசோதனையின் முடிவை மட்டும். அங்கே 87 என்று எழுதியிருப்பது இங்கே ஏறத்தாழ 91, 92 க்குச் சமம். லண்டனில் இருந்து வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை, அங்கேயும் இங்கேயும் ஒரே அளவுகோல்தான்.

டீசல் பலகையில் ஒரு சொல் சிக்கல் இருக்கிறது. "ஓட்டோ டீசல்" என்று எழுதியிருப்பதை முதன்முதலில் பார்க்கிறவர்கள் அது ஓட்டோவுக்கு, அதாவது முச்சக்கர வண்டிக்கு அடிக்கிற டீசல் என்று எடுத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. "ஓட்டோ" என்பது இங்கே பொதுவாக மோட்டார் வாகனத்தைக் குறிக்கிறது, பஸ், லொறி, வான், உழவு இயந்திரம் எல்லாவற்றுக்கும் அடிக்கிற சாதாரண டீசல். எங்கள் ஓட்டோக்களில் பெரும்பகுதி பெற்றோலில்தான் ஓடுகின்றன. சுப்பர் டீசல் கந்தகம் குறைந்தது, பக்கத்தில் "யூரோ 4" என்று போட்டிருப்பார்கள். புதிய டீசல் எஞ்சின்கள், குறிப்பாகப் புகைபோக்கியில் வடிகட்டி பூட்டியவை, அதைத்தான் கேட்கும். பழைய டொல்பினுக்கு ஓட்டோ டீசல் போதும்.

நிறத்தை நம்பாதீர்கள். இங்கிலாந்தில் பச்சைக் கைபிடி என்றால் பெற்றோல், கறுப்பு என்றால் டீசல். வட அமெரிக்காவின் பல இடங்களில் பச்சைக் கைபிடிதான் டீசல். இங்கே ஒரு செட்டில் பார்த்த நிறம் அடுத்த செட்டில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. எழுத்தை வாசியுங்கள், வாயாலும் சொல்லுங்கள்: "டீசல், ஐயாயிரத்துக்கு" என்று எண்ணெயின் பெயர் முதலில் வரட்டும், காசு பிறகு வரட்டும். டீசல் குழாயின் முனை பொதுவாகத் தடிப்பானது, பெற்றோல் வாகனத்தின் ஒடுங்கிய வாய்க்குள் சிரமப்பட்டுத்தான் நுழையும். ஆனால் பெற்றோல் முனை மெல்லியது, டீசல் வாகனத்துக்குள் தாராளமாகப் போய்விடும், பெரியப்பாவின் வானுக்கு நடந்தது அதுதான். அப்படி நடந்துவிட்டால் திறப்பைத் திருகவே வேண்டாம். தள்ளி ஓரமாக விட்டு, மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் தாங்கியை வடித்துவிடுங்கள். டீசலில் இயல்பாகவே ஒரு வழவழப்பு இருக்கிறது, எண்ணெய்ப் பம்பின் உறுப்புகள் அதில்தான் வழுக்கி ஓடுகின்றன, பெற்றோல் போனால் அந்த வழவழப்பைக் கழுவிவிடும். ஸ்டார்ட் பண்ணாமல் விட்டால் சில ஆயிரத்தோடு முடியும், ஓடிப் பார்த்தால் பம்பையே மாற்ற வேண்டி வரலாம்.

மண்ணெண்ணெயைப் பற்றி எங்கள் சனத்துக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓடிய ஊர் இது. இன்றைக்கும் கடற்றொழிலாளரின் படகு எஞ்சின், தோட்டத்து இறைப்பு மெஷின் என்று எவ்வளவோ அதில் தங்கியிருக்கிறது. 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஒரே பாய்ச்சலில் ஏறியபோது இங்கே கரையோர ஊர்கள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. மண்ணெண்ணெய்ப் பம்ப் பெரும்பாலும் செட்டின் ஒரு ஓரத்தில் தனியாக இருக்கும், வாகன வரிசையில் நிற்காமல் நேரே அங்கே போகலாமா என்று வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

இனிப் பம்பின் முகத்துக்கு வருவோம், காசு போகிற இடம் இதுதான். மூன்று இலக்க வரிசைகள் இருக்கும்: எத்தனை ரூபாய், எத்தனை லீற்றர், ஒரு லீற்றர் என்ன விலை. அடிக்கத் தொடங்கும் முன் மேலே இருக்கிற இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். "பூச்சியத்தை அவதானிக்கவும்" என்று எழுதி வைப்பது இதற்காகத்தான். உங்களுக்கு முன்னால் நின்றவருக்கு 400 ரூபாய்க்கு அடித்துவிட்டு அதை அழிக்காமல் தொடர்ந்தால், உங்கள் 1000 ரூபாயில் 400 ஐ அவர் கொண்டுபோய்விட்டார். பெரும்பாலும் அவசரத்தில் நடக்கிற பிழை அது, அதனால் சண்டைக்குப் போகாமல் முன்கூட்டியே "தம்பி, பூச்சியத்தைக் காட்டுங்கோ" என்று சொல்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். மூன்றாவது வரிசையை வாசல் பலகையோடு ஒப்பிடுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு மனக்கணக்கு: லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1000 ரூபாய்க்கு 3.33 லீற்றர் காட்ட வேண்டும். பைக்கில் இருக்கிறவர்கள் கைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்பதால்தான் இதைத் தவறவிடுகிறார்கள். குழாயை வெளியே எடுத்து முடிக்கும்வரை கண் பம்பிலேயே இருக்கட்டும். பம்பில் சின்ன முத்திரையோ ஸ்டிக்கரோ தெரிந்தால் அதையும் பாருங்கள், அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம்தான் பம்பின் அளவைச் சரிபார்த்து முத்திரை போடுகிறது.

பேனாவால் மட்டையில் எழுதித் தொங்கவிடுகிற அறிவிப்புகளும் உண்டு. "பெற்றோல் இல்லை", "டீசல் இல்லை", "பவுசர் வரவில்லை" (பவுசர் என்றால் எண்ணெய் கொண்டுவருகிற தாங்கி லொறி) இந்த மாதிரி. சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தால், கடைசியில் வருகிற "නැත" (நெத) என்ற சொல் "இல்லை" என்று பொருள்படும், தெற்குப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு இந்த ஒரு சொல் நிறைய உதவும். 2022 நடுப்பகுதியில், 92 லீற்றர் 470 ரூபாய்க்குப் போன அந்த நாள்களில், இந்த மட்டைகளைப் பார்த்தே முழு நாளும் திட்டமிட்டோம். ஜூலையில் கியூஆர், அதாவது வாகனத்துக்கு இவ்வளவுதான் என்று பங்கிட்டுத் தருகிற குறியீட்டு முறை, வந்தது, 2023 செப்டெம்பரில் அதை நிறுத்தினார்கள். இன்றும் சில சுவர்களில் பழைய கியூஆர் அறிவிப்பு கிழியாமல் ஒட்டியபடி இருக்கும், அறிவிப்பின் திகதியைப் பாருங்கள். "பவுசர் இறக்கப்படுகிறது" என்று தடுப்பு வைத்திருந்தால் உள்ளே போகாமல் வெளியே பொறுங்கள். நிலத்தடித் தாங்கிக்குள் எண்ணெய் இறங்கும்போது அதற்குள் இருந்த ஆவி வெளியே தள்ளப்படும், அந்த நேரம்தான் செட்டில் ஆபத்துக் கூடிய நேரம்.

ஆவி என்று சொல்லிவிட்டேன், சரி, பாதுகாப்புப் படங்களுக்கு வருவோம். படம் எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் அதன் வடிவமும் நிறமும் பெரும்பாலும் ஒரே மொழி பேசும். சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் என்றால் செய்யாதே. நீல வட்டம் என்றால் கட்டாயம் செய். மஞ்சள் முக்கோணம் என்றால் ஆபத்து, கவனம். பச்சை என்றால் வெளியேறும் வழி, முதலுதவி. சிவப்புச் சதுரத்துக்குள் படம் இருந்தால் அங்கே தீயணைப்பு உபகரணம் இருக்கிறது என்று பொருள், அது தடை இல்லை, பலர் இந்த இரண்டு சிவப்பையும் போட்டுக் குழப்புகிறார்கள். சாய்சதுரத்துக்குள் தீச்சுவாலை இருந்தால் எளிதில் பற்றக்கூடிய பொருள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரில்கூடப் பற்றக்கூடிய ஆவியை விடும். எங்கள் ஊர் மத்தியான வெயிலில் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது, மேலே போகாமல் நிலத்தோடு நிலமாகப் பரவும், கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பத்தடி தள்ளி நின்று சிகரெட் பற்றவைத்தாலும் அது உங்கள் காலடிக்கு வந்திருக்கலாம். டீசல் அவ்வளவு இலகுவில் பற்றாது, 50 பாகைக்கு மேல் சூடாக வேண்டும். மண்ணெண்ணெய்க்குச் சுமார் 38, வெயிலில் காய்ந்த தகரக் கானுக்குள் அந்தச் சூடு வந்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

"இயந்திரத்தை நிறுத்தவும்" என்றால் பைக்குக்கும் சேர்த்துத்தான். பைக்கில் அடிக்கும்போது இறங்கி நில்லுங்கள், முன்னால் இருத்திய பிள்ளையை முதலில் இறக்குங்கள். தாங்கி உங்கள் தொடைகளுக்கு நடுவில் இருக்கிறது, கொஞ்சம் வழிந்து சூடான எஞ்சினில் பட்டால் உதறிக்கொண்டு ஓட உங்களுக்கு நேரம் இருக்காது. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் "ஒரு நிமிஷம்தானே" என்கிறார்கள், தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். கைபேசித் தடையைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், கைபேசியின் அலையால் செட்டில் தீ பற்றியதற்கு உறுதியான சான்று இல்லை, உடம்பில் சேர்கிற நிலைமின்னின் பொறிதான் உண்மையான கவலை. ஆனாலும் அந்தப் பலகைக்குக் கட்டுப்படுங்கள், கைபேசியில் இருக்கிறவர் பூச்சியத்தையும் பார்ப்பதில்லை, பின்னால் ரிவேர்ஸ் வருகிற லொறியையும் பார்ப்பதில்லை.

"போத்தல்களில் பெற்றோல் வழங்கப்படமாட்டாது" என்ற பலகைக்குக் கோபப்படுகிற ஆட்களை அடிக்கடி காண்கிறேன், அதுவும் தோட்டக்காரருக்கு மெஷினுக்குத் தேவை என்கிற நியாயம் இருக்கிறது. ஆனால் சோடாப் போத்தல் பெற்றோலுக்குச் செய்தது இல்லை, மூடி கசியும், நெகிழும். எரிபொருளுக்கென்று செய்த கானைக் கொண்டுபோய், ஏன் தேவை என்று சொல்லிக் கேளுங்கள். தருவதாகச் சொன்னால் கானைப் பைக்கிலோ லொறித் தட்டிலோ வைத்தபடி நிரப்ப விடாதீர்கள், நிலத்தில் வையுங்கள், குழாய் முனை கானின் வாயைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், நிலைமின் சேராமல் நிலத்துக்குப் போய்விடும். கழுத்துவரை நிரப்பவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் இந்தப் பலகை செல்லுபடியாகும். மண்ணெண்ணெயைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் குசினி மூலையில் வைப்பது எங்கள் வீடுகளில் பழக்கம், தாகத்தில் வந்த குழந்தை அதை எடுத்துக் குடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய குடும்பங்கள் நிறைய. அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வாந்தியோடு எண்ணெய் சுவாசப்பைக்குள் போனால்தான் பெரிய ஆபத்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தப் போத்தலை இன்றைக்கே மாற்றுங்கள், பெரிய எழுத்தில் பெயர் எழுதுங்கள், உயரத்தில் வையுங்கள்.

வாடகைக் கார் எடுத்தவர்கள் தாங்கி எந்தப் பக்கம் என்று தெரியாமல் செட்டுக்குள் சுற்றுவதுண்டு. டாஷ்போர்டில் எண்ணெய் அளவு காட்டுகிற இடத்தில் சின்னப் பம்ப் படம் இருக்கும், அதன் பக்கத்தில் ஒரு முக்கோண அம்பு இருந்தால் அது காட்டுகிற பக்கம்தான் தாங்கி.

டயருக்குக் காற்றடிக்கிற இடத்திலும் ஒரு எழுத்துக் குழப்பம் இருக்கிறது, அழுத்தத்தை வெவ்வேறு அலகில் எழுதுகிறார்கள். கார்க் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் பெரும்பாலும் கிலோபஸ்காலில் 220, 230 என்று இருக்கும், செட்டு மீற்றர் பிஎஸ்ஐயில் காட்டும். கிலோபஸ்காலை ஏழால் பிரித்தால் ஏறத்தாழ பிஎஸ்ஐ வரும், 230 என்றால் 33. பார் என்று இருந்தால் ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ. டயரின் ஓரத்தில் பொறித்திருக்கிற இலக்கம் அது தாங்கக்கூடிய உச்சம், அந்த அளவுக்கு அடிக்காதீர்கள். டயர் சூடாக இருக்கும்போது அளந்தால் கூடக் காட்டும், ஆகவே கொடிகாமத்தில் இருந்து ஓடிவந்த சூட்டோடு அளக்காமல், வீட்டுக்குக் கிட்ட இருக்கிற செட்டில் காலையில் அடிப்பது நல்லது.

கடைசியாக, ஏதும் பிழை நடந்தால். பில் கேளுங்கள், கேட்டால் தர வேண்டியது அவர்களின் கடமை. பம்பின் இலக்கம், நேரம், வாசல் பலகையில் இருந்த விலை மூன்றையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். முதலில் முகாமையாளரிடம் பதமாகச் சொல்லுங்கள், அநேகமானவை அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், குறித்து வைத்த அந்த மூன்று விவரத்தையும் அவர்களிடம் அப்படியே வாசித்துச் சொல்லுங்கள்.